விருப்பப் பாடம்

ஜனவரி 2

கல்லூரிக்குள் முதன்முதலாக நுழைந்த நாளில் எனக்கு என்னென்ன ஏற்கெனவே தெரிந்திருந்தது? இன்று காலை பிரின்சிபால் டேனியல் சார் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

புதிதாக ஒரு பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார். கல்வி ஆலோசகர். எங்கள் கல்லூரியில் பத்துப் பேரில் ஏழு பேர், தங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் ஆள். படிப்பு சம்பந்தமாக எந்தக் குழப்பம் வந்தாலும் அவர்கள் போய்க் கேட்க ஓர் ஆள் வேண்டுமாம். அது நான். புள்ளியியல் வகுப்புகளில் பாதியைக் குறைத்துத் தருவார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டேன். இருபத்து நான்கு வருடமாகப் பார்க்கிறேன், படிக்கிற பிள்ளை படித்துவிடும், கைபிடித்து நடத்தினால் நமக்குக் கை வலிப்பதுதான் மிச்சம் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"உங்க அப்பா பேராசிரியர். எங்க அப்பா மலையில ஏலத்தோட்டத்துக்குப் போனவர். கேக்காமலே உங்களுக்குத் தெரிஞ்சது எதுவோ, கேட்டும் எனக்குத் தெரியல. அது என்னன்னு ஒரு பட்டியல் போட்டுக் குடுங்க மேடம். அதுதான் வேலை."

மாலையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். 'நூலக அட்டை' என்று எழுதினேன். அதற்குமேல் ஓடவில்லை. இட்லி மாவு பொங்கி வழிந்திருந்தது. மேடையைத் துடைக்கப் போய்விட்டேன்.

ஜனவரி 6

நூலகத்தை ஒட்டிய சிறிய அறை. உடைந்த முக்காலிகளை வெளியேற்றிப் பெருக்கி, மேசை போட்டார்கள். கதவில் 'அட்வைசர்' என்று பலகை. பத்து மணி முதல் நான்கு மணி வரை இருந்தேன். யாரும் வரவில்லை.

ஜனவரி 8

இன்றும் யாரும் வரவில்லை. பொழுதுபோகாமல் மாணவர் கையேட்டைப் புரட்டினேன். முன்பு ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் தமிழில் ஆக்கியவள் நான். நாற்பத்தெட்டுப் பக்கம். ஓர் அச்சுப்பிழைகூட இல்லை. இதை ஒழுங்காகப் படித்தால் எந்த ஆலோசகரும் தேவையில்லை. பிரின்சிபாலிடம் அதைச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

கண்ணாடிக்கு நம்பர் கூடியிருக்கிறது.

ஜனவரி 9

ஒருத்தி வந்தாள். நாகஜோதி, கணிதம், மூன்றாம் ஆண்டு. மலையடிவாரத்துக் கிராமம். அம்மா தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். இவளும் சனிக்கிழமை, விடுமுறை நாட்களில் கூடப் போவாள். அப்பா இல்லை.

தனக்காக வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். கையில் ஒரு குயர் நோட்டு. அதில் ஒன்பது கேள்விகள், எல்லாம் காலை பஸ்ஸில் மற்ற பிள்ளைகள் கேட்டவை. இன்டர்னல் மார்க்கை யார் போடுவது, மருத்துவச் சான்று தந்தால் வருகைப்பதிவு கூடுமா, ஹெச்.ஓ.டி.யைப் பார்க்க முன்கூட்டியே சொல்ல வேண்டுமா. ஒவ்வொரு பதிலையும் எழுதிக்கொண்டு, எழுதியதை எனக்கே திருப்பி வாசித்துக் காட்டினாள். எனக்கு வாய்த்த ஆராய்ச்சி மாணவர்களில் இப்படிச் செய்தவர் எவருமில்லை.

பிறகு ஏன் அந்தப் பிள்ளைகளே வரவில்லை என்று கேட்டேன். தயங்கினாள்.

"கோச்சுக்காதீங்க மேம். அட்வைஸ் பண்ற ரூமுன்னு போர்டு வச்சா யாரு மேம் வருவா? தப்புப் பண்ணவங்களைத்தான் இங்க அனுப்புவாங்கன்னு பேசிக்கிறாங்க."

வேறு என்ன எழுதலாம் என்றேன். பஸ் ஸ்டாண்டில் இருப்பதுபோல் 'விசாரணை' என்று போடலாம் என்றவள், தானே யோசித்து, அது போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கும் என்று வாபஸ் வாங்கிக்கொண்டாள். இருவருக்கும் சொல் அகப்படவில்லை. பலகையைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். கதவைத் திறந்தே வைப்பது என்று முடிவாயிற்று.

ஜனவரி 10

நான்கு பேர் வந்தார்கள். அதில் மூவர் நாகஜோதியின் பஸ்.

ஜனவரி 12

மகள் மிருதுளா சென்னையிலிருந்து போன் செய்தாள். இரண்டாம் செமஸ்டருக்கு எந்த எலெக்டிவ் எடுப்பது என்று குழப்பமாம். மூன்றையும் கேட்டு, எது பின்னால் எம்.ஏ.வுக்கு உதவும், எதற்கு மார்க் தாராளமாக வரும் என்று சொன்னேன். நான்கு நிமிடம் பேசியிருப்போம். பிறகு புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 20

பொங்கல் விடுமுறை முடிந்தது. இந்த செமஸ்டரில் கூடுதல் பாடம் சேர்க்க இன்று கடைசி நாள். அறிவிப்புப் பலகையில் பத்து நாளாக ஒட்டியிருக்கிறது. ஒருவரும் அதைப் பற்றிக் கேட்டு வரவில்லை. நாகஜோதி வந்து போனாள். அவள் நோட்டில் இன்றைக்குப் பதினான்கு கேள்விகள், அதிலும் இது இல்லை.

ஜனவரி 23

நாகஜோதி இன்று தனக்காக வந்தாள். மதுரையில் எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், படிவத்தைச் சரிபார்த்துத் தர முடியுமா என்று. ஐந்து மதிப்பெண் பட்டியல்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். எல்லாவற்றிலும் எழுபத்தைந்துக்கு மேல். இயற்கணிதத்தில் தொண்ணூற்று நான்கு. அந்தத் தாளைத் திருத்தியவரை எனக்குத் தெரியும். அவர் எளிதில் மார்க் போடுகிற ஆள் இல்லை.

வழக்கம்போல் கிரெடிட்டுகளைக் கூட்டினேன். பட்டத்துக்கு நூற்று நாற்பது வேண்டும். இந்த செமஸ்டரையும் சேர்த்தால் நூற்று முப்பத்தெட்டு வந்தது. மறுபடி கூட்டினேன். நான்காம் செமஸ்டரில் ஒரு பாடமே இல்லை. ஃபெயில் என்றால் பட்டியலில் சிவப்பாகத் தெரியும். பதிவே செய்யாத பாடத்துக்கு வரியே இருக்காது. அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

விருப்பப் பாடம் எங்கே என்று கேட்டேன்.

"அது நான் எடுக்கல மேம்."

"ஏன்?"

கையேட்டைப் பையிலிருந்து எடுத்தாள். ஓரம் மடிந்து, அட்டை கிழிந்து, பழுப்பு டேப் ஒட்டிய கையேடு. பதினேழாம் பக்கத்தைத் திறந்து விரல் வைத்தாள். இடப்பக்கம் 'கட்டாயப் பாடங்கள்'. வலப்பக்கம் 'விருப்பப் பாடங்கள்'.

"கட்டாயம்னு ஒரு பக்கம், விருப்பம்னு ஒரு பக்கம். விருப்பம் இருந்தாப் படிக்கலாம்னுதானே மேம் அர்த்தம்? எனக்கு வானியல் படிக்கணும்னு ரொம்ப ஆசை. அறுபது பேருக்குத்தான் இடம்னு போட்டிருந்துச்சு. நான் வேற எதுக்கு ஒரு இடத்தை அடைக்கணும், நெசமாவே வேணும்ங்கிறவங்க படிக்கட்டும்னு விட்டுட்டேன்."

கையேட்டை மூன்று முறை படித்தாளாம். நான் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கட்டாயம் படிக்க வேண்டியதுதான், எந்தப் பாடம் என்பதில் மட்டுமே விருப்பம் என்று விளக்கினேன். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் கேட்டாள், "அப்ப இந்த வருசம் டிகிரி வராதா மேம்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 24

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ரசாக் சாரைப் பார்த்தேன். விதி தவறாத மனிதர். கடைசித் தேதி இருபது. தாண்டிவிட்டது. அடுத்த ஜனவரியில் பதிவு செய்து மே மாதம் எழுதலாம், ஒரு வருடம்தானே என்றார். எனக்கும் அந்த 'ஒரு வருடம்தானே' முதலில் நியாயமாகவே பட்டது. பிறகு கேட்டேன், இப்படி ஒரு பாடத்துக்காகக் காத்திருந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து எழுதினார்கள் என்று. கணக்கு எடுக்கவில்லை, வேண்டுமானால் பட்டியல் தருகிறேன் என்றார்.

"கையேட்டுல தெளிவாத்தான மேடம் இருக்கு" என்றார் கிளம்பும்போது. என்னைப் பார்த்தபடி. தெளிவாகத்தான் இருக்கிறது என்றேன்.

ஜனவரி 28

பட்டியல் வந்தது. தமிழ்க் கையேடு வந்த பிறகு சேர்ந்து, படித்து முடித்தவை நான்கு பேட்ச்கள். அவர்களில் விருப்பப் பாடம் இல்லாததால் மட்டும் பட்டம் வாங்காதவர்கள் நாற்பத்தொருவர். திரும்பி வந்து எழுதியவர்கள் ஆறு பேர். மீதி முப்பத்தைந்து பேர் மூன்று வருடமும் படித்து, எல்லாத் தாளிலும் தேறி, பட்டம் இல்லாமல் இருக்கிறார்கள். இப்போதைய மூன்றாம் ஆண்டில் பன்னிரண்டு பேர்.

அதற்கு முந்தைய நான்கு பேட்ச்களில், ஆங்கிலக் கையேடு மட்டும் இருந்தபோது, மொத்தம் ஐவர்.

இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதைத்தான் முதலில் சொல்லித்தருகிறேன்.

ஜனவரி 29

தண்ணீர் மோட்டார் பழுது. வேறு என்ன சொல் போட்டிருக்க முடியும்? 'தேர்வுப் பாடம்' என்றால் பரீட்சை என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஜனவரி 30

பன்னிரண்டு பேரில் பதினொருவரை அழைத்துப் பேசினேன். நாகஜோதி திங்கள் முதல் கல்லூரிக்கு வரவில்லை.

பதினொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: ஏன் எடுக்கவில்லை? ஒன்பது பேர் கையேட்டைப் படித்ததாகச் சொன்னார்கள், பக்கத்தையும் சொன்னார்கள். பாடம் எடுத்த மாணவர்கள் சிலரையும் விசாரித்தேன். அவர்கள் யாரும் கையேட்டைத் திறந்ததில்லை. அண்ணன் சொன்னான், பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள், எடுத்தேன் என்றார்கள். ஆக, வீட்டில் சொல்ல ஆள் இருந்தவர்கள் படிக்காமலே தப்பித்திருக்கிறார்கள். அப்படி ஆள் இல்லாதவர்கள் அச்சில் இருந்ததை நம்பியிருக்கிறார்கள்.

மிருதுளாவிடம் நான் பேசியது நான்கு நிமிடம்.

பிப்ரவரி 3

காலை பத்தரைக்கு நாகஜோதியின் அம்மா வந்தார். பேச்சியக்காள் என்று பெயர். சேலைக்கு மேல் முழுக்கை ஆண்சட்டை, தலையில் சுற்றும் துண்டு தோளில். தோட்டத்துக்குக் கிளம்பியவர் பாதியில் ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்திருக்கிறார். நாகஜோதி அவருக்குப் பின்னால் தலை குனிந்து நின்றாள். நாற்காலியைக் காட்டினேன், சட்டையில் கறை, நாற்காலிக்கு ஆகாது என்று நின்றுகொண்டே பேசினார்.

மகள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். காலேஜில் பெரிய தப்புப் பண்ணிவிட்டேன், டிகிரி வராது, இனி உன்னோடு தோட்டத்துக்கே வந்துவிடுகிறேன் என்கிறாளாம். என்ன தப்பு என்று கேட்டால் புத்தகத்தைக் காட்டுகிறாளாம். தனக்கு எழுத்து தெரியாது என்றார்.

"மூணு வருசம் ஒத்த நாளு மட்டம் போடல டீச்சரம்மா. அப்படி என்னதான் தப்புப் பண்ணுச்சு எம்மக? நீங்களே சொல்லுங்க."

விதி, கிரெடிட், கடைசித் தேதி என்றெல்லாம் சொல்லத் தயாராக இருந்தேன். நாகஜோதி என்னைப் பார்த்தாள். அவள் கையில் அந்தக் கையேடு இருந்தது.

"அவ தப்புப் பண்ணலம்மா. அந்தப் புத்தகத்தை எழுதினவங்க தப்பு. எழுதினது நான்."

பேச்சியக்காள் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, நான் எதிர்பாராதபடி, சிரித்தார்.

"ஏட்டி, கேட்டியா? டீச்சரம்மா பண்ண தப்புக்கு நீ ஏன்டி பட்டினி கெடந்த?" என்று மகளின் தோளில் துண்டாலேயே ஒரு அடி கொடுத்தார். என்னிடம் திரும்பி, "நீங்க பண்ணதுன்னா நீங்களே சரி பண்ணிருவீகள்ல" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. தகவல்போலச் சொன்னார்.

முயற்சி செய்கிறேன் என்றேன். ஒருவேளை முடியாமல் போனால் என்று ஆரம்பித்தவளை அவர் முடிக்க விடவில்லை. பாஸ் பண்ணியும் பேப்பர் இல்லாமல் போன பிள்ளைகள் தங்கள் ஜீப்பிலேயே இரண்டு இருக்கிறதென்றும், மகளையும் அந்த ஜீப்பில் ஏற்றத் தனக்கு மனசு இல்லையென்றும் சொன்னார். அந்தப் பிள்ளைகள் யார், எந்த வருடம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நாகஜோதி பன்னிரண்டு மணி வகுப்புக்குப் போனாள். போகும் முன் பஸ் கேள்விகள் ஆறைக் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

பிப்ரவரி 7

கல்விக் குழுவுக்கு மனு எழுதினேன். நான்கு பக்கம். இரண்டாகச் சுருக்கினேன். இருபத்து நான்கு வருடத்தில் நான் சமர்ப்பித்த எந்தக் கட்டுரைக்கும் இவ்வளவு திருத்தம் செய்ததில்லை.

பிப்ரவரி 13

கல்விக் குழு கூடியது. எண்களை முதலில் வைத்தேன். நாற்பத்தொன்று, ஐந்து, பன்னிரண்டு. மாணவர்களின் அலட்சியம் என்று ஒருவர் தொடங்கினார். அலட்சியமானவர்கள் கையேட்டைப் படிப்பதில்லை, இவர்கள் படித்தவர்கள், அதனால்தான் மாட்டிக்கொண்டார்கள் என்றேன். பதினேழாம் பக்கத்தை எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

"இந்தச் சொல்லைப் போட்டது நான். 'எந்தப் பாடம் என்பதே உங்கள் விருப்பம். ஒன்றைப் படித்தே ஆக வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். எனக்கு அது தேவைப்படும்னு தோணல. எங்க வீட்ல யாருக்கும் அது தேவைப்பட்டிருக்காது."

பிறகு தமிழ்த் துறைத் தலைவர், "எங்களைக் கேட்டிருந்தா இதைவிட மோசமா ஒண்ணு வச்சிருப்போம் மேடம்" என்றார். சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் நன்றியோடு இருந்தேன்.

ரசாக் சார் விதிப் புத்தகத்தைப் புரட்டி, குழு ஒப்புக்கொண்டால் சிறப்பு அனுமதி தரலாம், ஆனால் முப்பது மணி நேரம் வகுப்பு நடந்தே ஆக வேண்டும், அதற்கு ஆசிரியர் யார் என்றார். நான் என்றேன். பத்து சனிக்கிழமை, மூன்று மணி நேரம். பாடம்: அன்றாட வாழ்வில் புள்ளியியல். இந்தப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் அனுமதி. பழைய மாணவர்களைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று குறிப்பு எழுதப்பட்டது.

பிப்ரவரி 14

நாகஜோதியிடம் சொன்னேன். எழுதிக்கொண்டாள். வாசித்துக் காட்டினாள். பிறகு கேட்டாள், வானியல் கிடையாதா என்று. புள்ளியியல் மட்டும்தான் என்றேன். "பரவால்ல மேம்" என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

பிப்ரவரி 21

நாளை முதல் வகுப்பு. சனிக்கிழமை பன்னிரண்டு பேரில் ஏழு பேருக்கு வேலை இருக்கும் நாள். நாகஜோதிக்கு அது தோட்டத்துக்குப் போகும் நாள். வருவார்களா என்று தெரியவில்லை. வாக்குறுதியையும் வருகையையும் நான் தனித்தனியாகவே எண்ணிப் பழகியவள்.

பிரின்சிபால் பட்டியலை நினைவுபடுத்தினார். 'நூலக அட்டை' என்பதற்குக் கீழே இன்னும் எழுதவில்லை. நாகஜோதியின் நோட்டைக் கடன் வாங்கியிருக்கிறேன். அதில் இப்போது நூற்றுப் பதினெட்டுக் கேள்விகள். பட்டியல் வேண்டுமென்றால் அதை நகல் எடுத்துக் கொடுப்பதே நேர்மை.

பிப்ரவரி 22

ஒன்பதரைக்குப் பதினொரு பேர் இருந்தார்கள். நாகஜோதி இல்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தொடங்கினேன். சராசரி என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு பையன், வீட்டில் ஆறு பேர், முட்டை மூன்று என்றால் ஆளுக்கு அரை முட்டை, ஆனால் அரை முட்டை சாப்பிட்டவர் யாருமில்லை என்றான். இதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் பாடப்புத்தகங்களில் படித்ததில்லை.

ஒன்பது ஐம்பதுக்கு நாகஜோதி வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது. பின்னால் இரண்டு பெண்கள், அவளைவிடச் சில வயது மூத்தவர்கள். ஒருத்தி சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

"லேட்டாயிருச்சு மேம். ஜீப்புல போய் இவங்களை இறக்கிக் கூட்டிட்டு வந்தேன். இவங்களும் விருப்பப் பாடம்தான்."

பெயர் கேட்டேன். பாண்டீஸ்வரி, வணிகவியல். அன்னக்கொடி, வரலாறு. எனக்கு அந்தப் பெயர்கள் தெரியும். பட்டியலில் பதினேழாவது வரி, இருபத்தொன்பதாவது வரி. ஒரு மாதமாக அந்த வரிகளைக் கூட்டியும் வகுத்தும் கொண்டிருக்கிறேன். உங்களுக்கு இன்னும் அனுமதி இல்லை, கேட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். அன்னக்கொடி, அனுமதி வருகிறவரை சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறோம் என்றாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சட்டைக்காரி அதைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். நாகஜோதி தன் நோட்டிலிருந்து ஆளுக்கு நான்கு தாள் கிழித்துக் கொடுத்தாள்.

வருகைப் பதிவேட்டில் பன்னிரண்டு பெயர்கள் அச்சாகியிருந்தன. கீழே இரண்டு பெயர்களைப் பென்சிலில் எழுதினேன். பன்னிரண்டரை வரை வகுப்பு நடந்தது.

முடியும் நேரத்தில் ரசாக் சார் வந்தார். வகுப்பு நடந்ததா என்று பார்க்க வந்திருப்பார். தலைகளை எண்ணினார். பதிவேட்டை வாங்கி, பென்சில் பெயர்களில் விரல் வைத்து நிறுத்தினார். கடைசி பெஞ்சைப் பார்த்தார். பாண்டீஸ்வரி எழுந்து நின்றாள்.

"பென்சில்ல எழுதியிருக்கீங்க மேடம்."

"ஆமா சார்."

"திங்கக்கிழமை ரெண்டு பேரையும் மனு எழுதி எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார். "பேனாவுல."